பழனிக்கு விரதம் என்று சொன்னேன்

என் அப்பா மூன்று வருடமாக என் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. அகரத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். உரம் வாங்க, கண் காட்ட என்று மாதம் இரண்டு முறையாவது டவுனுக்கு வருவார். வந்த வேலையை முடித்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவார். நான் வெங்காய மண்டியில் மூட்டைக்கு வாய் தைக்கிற வேலை பார்க்கிறேன். அவர் வந்திருப்பதை யாராவது வந்து சொன்னால் கோணி ஊசியைப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். "வேலையப் பாரு, போ" என்பார். அவ்வளவுதான்.

காரணம் என் மகனின் கல்யாணம். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த பெண்ணை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். நானும் என் மனைவியும் போய் நின்றோம். திரும்பி வந்ததும் அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "பொண்ணு எந்த ஊரு?" என்று கேட்டார். பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம் என்றேன்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிப்பா."

போனை வைத்துவிட்டார். அதன் பிறகு மூன்று வருடம்.

பேரனுக்கு ஒரு வயது முடிந்ததும் காது குத்தலாம் என்று பேச்சு வந்தது. தை மாதம், நல்ல நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவது எங்கள் வழக்கம், மருமகள் வீட்டு வழக்கமும் அதுதான். மகனும் மருமகளும் திருப்பூரிலிருந்து குழந்தையோடு வருவதாகச் சொன்னார்கள். நான் அகரத்துக்குப் போய் அப்பாவைக் கூப்பிட்டேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். கிணற்று மேட்டில் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "கொள்ளுப்பேரன்ல" என்றார். "வாரேன்." அன்று பஸ்ஸில் திரும்பும்போது, ஐம்பது வயதாகப்போகிற நான், சின்னப் பிள்ளை மாதிரி வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

விசேஷத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவரை அழைத்துவரப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக்காரர்கள் பழனி ரோட்டைப் பார்த்துக் கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். அப்பா அவர்கள் போகும் வரை நின்று கும்பிட்டார். பிறகு பையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"ஏலே, ஒண்ணு சொல்லிப்புடுறேன். புள்ளையப் பாக்கத்தான் வாரேன். அந்தப் பொண்ணு கையால எனக்குச் சோறு தண்ணி வேணாம். உன் சம்சாரம் குடுக்கட்டும். இல்ல, இப்பிடியே அடுத்த பஸ்ஸுல போயிர்றேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்று, "நான் பாத்துக்கிறேன்ப்பா" என்றேன்.

எனக்கு எப்போதுமே பேச வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மண்டியில் நாலு பேர் சேர்ந்து பேசினால் நான் மூட்டைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அப்பா முன்னால் அது இன்னும் மோசம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைப் பெரியவர் மேல் வைத்த மரியாதை என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்து அப்பா நாற்காலியில் உட்கார்ந்ததும் மருமகள் சொம்பில் தண்ணீரோடு வந்துவிட்டாள். தலைக்குக் குளித்து, புதுப் புடவை கட்டி, இந்த நிமிஷத்துக்காகவே காத்திருந்தவள் மாதிரி வந்தாள். "வாங்க தாத்தா, தண்ணி குடிங்க" என்று இரண்டு கையாலும் நீட்டினாள். அப்பா கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்தார். என் மனைவி சமையல்கட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். மகன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். அவனும் பார்த்தான்.

"அப்பா பழனிக்கு விரதம்மா" என்றேன். "மாலை போட்டிருக்காரு. அத்தைதான் தனியாச் சமைச்சுக் குடுக்கணும். வேற யார் கையாலயும் தொடமாட்டாரு."

எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று எனக்கே தெரியவில்லை. சற்று முன் ரோட்டில் பார்த்த பச்சை வேட்டிகளாக இருக்கலாம். அப்பா கழுத்தில் ஒற்றை உருத்திராட்சம் எப்போதும் கிடக்கும். அம்மா இறந்த வருடம் போட்டது. மருமகள் அதைப் பார்த்தாள். சட்டென்று சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அப்படிங்களா தாத்தா! தெரியாம நீட்டிட்டனே. மாமா, நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லைங்க? காலையில அத்தை கோழி எடுத்தாங்களே, சட்டியெல்லாம் கழுவோணுமே."

அவள் பரபரவென்று உள்ளே போனாள். சட்டி கழுவும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கூட்டினாள். பிறகு அவள் அம்மாவுக்கு போன் செய்து, "தாத்தா மாலை போட்டிருக்காருங்கம்மா, தம்பிகிட்ட சொல்லிருங்க" என்று சொல்வது கேட்டது.

அப்பா என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "பெரிய ஆளுதான்டா நீ. வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்." அவர் சிரித்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

சாயங்காலம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சினார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மீசையைப் பிடித்து இழுக்கக் கொடுத்தார், விரலைக் கடிக்கக் கொடுத்தார். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூக்கு நம்ம மூக்கு. நெறமும் நம்ம பக்கந்தான். தப்பிச்சுட்டான் பய" என்றார்.

மருமகள் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுலருந்து தாத்தா தப்பிச்சான்?" என்று மகன் கேட்டான்.

"சும்மா சொன்னேன்டா அப்பு. ஒரு பேச்சுக்கு."

நான் டி.வி. சத்தத்தைக் கூட்டினேன். செத்த நேரம் கழித்து அப்பா அவளிடமே பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்மா, நர்ஸு வேலைங்கிற. உங்க ஆளுகளுக்குத்தான் இப்ப எல்லாம் கோட்டாவுல குடுத்துர்றாகளே?"

"எங்களது பிரைவேட் ஆஸ்பத்திரிங்க தாத்தா" என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அங்க கோட்டா இல்லைங்க. நைட் ஷிப்டுதான் இருக்கு."

என் மனைவி சிரித்துவிட்டாள். அப்பா இருமினார். நான் தண்ணீர் எடுக்கப் போவது போல எழுந்து போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் மருமகள் பின்னாலேயே வந்தாள். நான் திரும்பாமல், "வயசாயிருச்சும்மா, மனசுல வச்சுக்காத" என்றேன்.

"அதெல்லாம் பழகினதுதானுங்க மாமா. இதவிட எத்தனையோ கேட்டிருக்கேன்" என்றாள். பிறகு குரல் மாறிச் சொன்னாள். "ஆனா இந்த வயசுல விரதம் இருக்காரு பாருங்க, அது பெருசுங்க. தைப்பூசத்துக்கு நடந்து வர்ற சாமிங்களுக்கு எங்கம்மா வருசா வருசம் ரோட்டுல பந்தல் போட்டு மோர் குடுப்பாங்க. வாங்கிக் குடிக்கிறவங்க யாரும் எந்தத் தெருன்னு கேக்க மாட்டாங்க. அந்த ஒரு மாசம் மட்டும் எங்க மோர் எல்லாருக்கும் இனிக்குமுங்க. தாத்தாவும் மலைக்குப் போயிட்டு வந்து மாலையைக் கழட்டினதும் என் கையால ஒருவாய் சாப்பிடுவாரு, பாருங்க."

நான் தலையாட்டினேன்.

அன்று அவள் ராத்திரி சாப்பாடு சாப்பிடவில்லை. விரதக்காரர் இருக்கிற வீட்டில் தானும் ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டாள். என் மனைவி கெஞ்சினாள். "பால் குடுக்கிற பிள்ளை வயித்தக் காயப் போடலாமாம்மா?" அவள் ஒரு வாழைப்பழத்தை மட்டும் தின்றுவிட்டு, பாயில்லாமல் வெறும் தரையில் புடவையை விரித்துப் படுத்துக்கொண்டாள். உள் அறையில் அப்பா தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டு என்னிடம் முணுமுணுத்தார். "வெஞ்சனத்துக்கு வெறும் ஊறுகாயா? காலையில வச்ச கோழி வாசம் இன்னும் மூக்கத் தொளைக்குது. உன் விரதத்துல என் வாயையும் கட்டிப்புட்டியேடா."

தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். மனைவி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"இப்பவே போயி உண்மையச் சொல்லிருங்க. அவ தாங்கிக்குவா."

"நாளைக்கு மத்தியானம் அப்பா கிளம்பிருவாரு. அதுவரைக்குந்தான்."

"பட்டினியாப் படுத்துருக்கா அவ. நீங்க சொன்ன பொய்யிக்கு."

நான் கூடத்தைக் கடந்துதான் போனேன். அவள் தூங்கவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். "மாமா, படுக்கலைங்களா?" என்று கேட்டாள். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். "படுக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

காலையில் அப்பா பல் துலக்கும்போது, தாய்மாமன் மடி விஷயத்தில் ஏதும் தகராறு வந்துவிடக் கூடாதே என்று மெதுவாகக் கேட்டேன்.

"சடங்குன்னா சடங்குதான். மடியில வச்சுக்கிட்டும்" என்றார். வாயைக் கொப்பளித்தார். "குத்தி முடிஞ்சதும் புள்ளைய ஒரு தண்ணி ஊத்தி எடுத்துரச் சொல்லு."

"சரிப்பா" என்றேன். இதையும் நான்தான் சொன்னேன்.

ஆசாரி ஒன்பது மணிக்கெல்லாம் வந்து, பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்து வைத்தார். கூடத்தில் விளக்கேற்றி ஜமுக்காளம் விரித்திருந்தோம். பத்து மணிக்கு மருமகளின் தம்பியும் அம்மாவும் வந்தார்கள். தம்பி எலெக்ட்ரீஷியன், இருபத்தைந்து வயதிருக்கும். சீர்த்தட்டில் குழந்தைக்குச் சட்டை, மாலை, கடுக்கன் எல்லாம் இருந்தன. மற்றொரு கையில் தனியாக ஒரு கூடை. அவன் காலில் செருப்பு இல்லை. பழனியிலிருந்து பஸ் ஏறும்போதே கழற்றி வைத்துவிட்டானாம். மாலை போட்டவர் வீட்டுக்கு வருகிறோம் என்பதற்காக.

"மாமா, இது தாத்தாவுக்குங்க" என்று என்னிடம் கூடையைக் காட்டினான். "விரதக்காரரு, மத்தவங்க சமைச்சது சாப்பிட மாட்டாருன்னு அக்கா சொல்லுச்சு. பழத்துக்கு ஒண்ணும் இல்லைல்லங்க? அதான் ஆயக்குடியில தோட்டத்துல நின்னு பறிச்சுட்டு வந்தேன். எல்லாம் செங்கொய்யாங்க."

நான் கூடையை வாங்கக் கை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை. தன் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். நேராக அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால் போய்க் கூடையை வைத்தான். "முருகா" என்று சொல்லிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். இரண்டு கையாலும் அப்பாவின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் அவன் அம்மாவும் குனிந்தார்.

அப்பா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் முட்டியது.

"ஏலே, ஏலே, தொடாத! எந்திரி, தள்ளி நில்லு!"

அவனுக்குப் புரியவில்லை. தொட்டால் விரதம் கெட்டுவிடும் என்று நினைத்தான் போல. முழங்காலில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சுக்குங்க சாமி. தெரியாமத் தொட்டுட்டனுங்க."

அந்த "சாமி"தான் அப்பாவுக்கு ஆகவில்லை என்று நினைக்கிறேன். பொய்யான கும்பிடை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை.

"யாருடா சாமி? நான் மாலையும் போடல, ஒரு மண்ணும் போடல. உங்க ஆளுக கையால தண்ணி வாங்கிக் குடிக்கிற பழக்கம் எனக்கு இல்ல. அத மூஞ்சிக்கு நேராச் சொல்லத் துப்பில்லாம என் மகன் விரதமின்னு சொல்லி வச்சிருக்கான். கேளு அவன்கிட்ட."

ஆசாரி தன் பெட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். தம்பி எழுந்து நின்றான். அப்பாவை அவன் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தான்.

"நெசமாங்க மாமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மருமகள் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. அதை ஜமுக்காளத்தில் அலுங்காமல் வைத்தாள். அழவில்லை. மிகவும் சாதாரணமான குரலில் கேட்டாள்.

"நேத்து நான் சாப்பிடாமப் படுத்திருந்தப்ப தாண்டிப் போனீங்களே மாமா. அப்பக்கூடச் சொல்லலையே?"

நான் ஜமுக்காளத்தின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

"தாத்தா சொன்னது எனக்குப் புதுசு இல்லைங்க" என்றாள். "நீங்க அப்படி இல்லைன்னு நெனச்சிருந்தேன்."

மகன் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். பைகளை எடுத்தான். என் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "காது மட்டும் குத்திட்டுப் போங்கடா, மாமன் வந்து நிக்குறான்ல" என்று அழுதாள். "இந்த வீட்டுல வேணாம்மா" என்றான். மருமகளின் அம்மா மட்டும் வாசலில் திரும்பி நின்று, என் மனைவியிடம், "வர்றமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கொய்யாக் கூடையை யாரும் எடுக்கவில்லை. ஆசாரிக்கு வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பினேன்.

அப்போதுதான் நான் அப்பாவைப் பார்த்து, "கிளம்புங்கப்பா. உங்கள பஸ் ஏத்தி விடுறேன்" என்றேன். என் வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன கடுமையான வார்த்தை அதுதான். அதையும் எல்லோரும் போன பிறகு சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டு வரை அப்பாவின் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"என் மேல எதுக்குக் கோவப்படுற? நான் நெனைக்கிறத நேத்தே உன்கிட்டச் சொன்னேன். பொய் சொன்னது நீதான்."

அவர் நினைப்பது தப்பு, பெரிய தப்பு. ஆனாலும் அன்று அந்தக் கூடத்தில் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான். பஸ் நகர்ந்தபோது, "வெயில்ல நிக்காத, போ" என்றார். எழுபத்தெட்டு வயதில், கண் சரியாகத் தெரியாமல், நான் வெயிலில் நிற்பதைப் பார்த்துச் சொன்னார். அவரை வெறுத்துவிட முடிந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருக்கும்.

அதற்குப் பிறகு நான் ஒருமுறை திருப்பூருக்குப் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று மூட்டை தைக்கும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். மருமகள் டியூட்டிக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வரை காத்திருந்தேன். வந்தவள், "வாங்க மாமா" என்றாள். தண்ணீர் கொடுத்தாள், சோறு போட்டாள். தட்டில் எதுவும் குறையவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற யாரோ ஒருவரிடம் பேசுவதைப் போல அன்பாகப் பேசினாள். முன்பெல்லாம் என்னைக் கிண்டல் செய்வாள். "மாமா பேசினா மழை வந்துருமுங்க" என்பாள். அன்று அப்படி ஒன்றும் இல்லை. சாப்பிட்டு முடித்து, "தப்பு என் மேலதாம்மா" என்றேன். மனதுக்குள் சேர்த்து வைத்திருந்ததில் அவ்வளவுதான் வெளியே வந்தது.

"சரிங்க மாமா" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகனுக்கு போன் செய்வேன். இரண்டு நிமிஷம் பேசுவான். குழந்தை நடக்கிறான், கடைவாய்ப் பல் முளைத்திருக்கிறது என்று சொல்வான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான். அவனாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து நின்றுகொண்டேன்.

"பிள்ளைக்குக் காது குத்தியாச்சுப்பா. நேத்து, பாலசமுத்திரத்துல."

"ஆங்" என்றேன்.

"உங்களக் கூப்பிடணும்னு மச்சான் சொன்னான். அத்தையும் சொன்னாங்க. அவதான்..." நிறுத்தினான். "இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்னுட்டா."

"அது சரிதான்ப்பா. பிள்ளை அழுதானா?"

"ரொம்ப. மாமனோட சட்டைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேனுட்டான்."

வைத்துவிட்டேன். என் மனைவி பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். காது குத்தியாகிவிட்டது என்று சொன்னேன். அவள் எங்கே என்று கேட்டாள். சொன்னேன். யார் யார் இருந்தார்களாம் என்று கேட்டாள்.

"எல்லாரும்" என்றேன்.